ஆண்டிபயாடிக் மூளையைக் காக்குமா? எலிகளில் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கவாதத்திலிருந்து மூளையைக் காப்பாற்றும் என்று ஆய்வகங்களில் முயன்று பார்க்கப்பட்ட சிகிச்சைகளை 2006-இல் ஒரு ஆய்வுக்குழு எண்ணிப் பார்த்தது. கணக்கு 1,026-இல் போய் நின்றது. எலியில் பலன் தந்ததாகச் சொல்லப்பட்டவை அதில் ஏராளம், நோயாளியின் படுக்கை வரை வந்து சேர்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். இதற்கு எலியும் மனிதரும் வேறு வேறு என்பது ஒரு காரணம், ஆனால் சோதனையை அமைத்த விதமே பல மருந்துகளுக்கு இல்லாத பெருமையைக் கொடுத்துவிட்டது என்பது அதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆண்டிபயாடிக் என்றால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடும், ஏனென்றால் அது மூளையில் என்ன செய்கிறதோ இல்லையோ, நுரையீரலிலும் குடலிலும் இருக்கும் கிருமிகளை நிச்சயம் ஒரு கை பார்த்துவிடும். எலி பிழைத்தது மூளை தப்பியதாலா, நிமோனியா வராததாலா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி சோதனையை முதலிலேயே கட்டமைக்க வேண்டும், பிறகு ஒட்டுப்போட முடியாது.

இங்கே மினோசைக்ளின் மருந்தையும், பக்கவாதத்தை உண்டாக்க எலியின் நடு மூளைத் தமனியை நைலான் இழையால் அடைக்கும் முறையையும் எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறேன். வேறு ஆண்டிபயாடிக்கோ, தலையில் அடிபட்ட காயத்துக்கான மாதிரியோ எடுத்தாலும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

முதல் படி: மருந்து எப்படிக் காக்கும் என்று சொல்லுங்கள்

மினோசைக்ளின் டெட்ராசைக்ளின் குடும்பத்து மருந்து. கொழுப்பில் நன்றாகக் கரையும், அதனால் ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போகும். 1998-இல் பின்லாந்துக் குழு ஒன்று ஜெர்பில்களிலும் (எலி போன்ற சிறு கொறித்துண்ணிகள்), அடுத்த ஆண்டே எலிகளிலும் இது மூளையைக் காப்பதாகக் காட்டியது. எலிகளில் அடைப்புக்கு 12 மணி நேரம் முன்பே கொடுத்தபோது மூளையின் வெளி அடுக்கான புறணியில் இறந்த பகுதி சராசரியாக 76 சதவீதமும், அடைப்பு தொடங்கி 4 மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது 63 சதவீதமும் குறைந்ததாக அந்த ஆய்வு சொன்னது. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோக்லியா கிளர்ந்தெழுவதை அடக்குவது, ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும் எம்எம்பி-9 நொதியைத் தடுப்பது, செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் பாதையை மட்டுப்படுத்துவது என்று இதற்குப் பல வழிகள் சொல்லப்படுகின்றன.

செஃப்ட்ரியாக்சோன் கதை வேறு. 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஏற்கெனவே அனுமதி பெற்ற 1,040 மருந்துகளைச் சலித்துப் பார்த்தபோது, பீட்டா-லாக்டம் வகை ஆண்டிபயாடிக்குகள் ஜிஎல்டி-1 என்ற புரதத்தின் அளவைக் கூட்டுவது தெரிந்தது. செல்களுக்கு வெளியே தேங்கினால் நரம்புச் செல்லைக் கொல்லும் குளூட்டமேட்டை அள்ளி எடுக்கும் புரதம் அது. ஆனால் அந்தப் புரதம் கூடுவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அப்படியிருக்க, அடைப்பு வந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டு, பலன் கிடைத்ததும் "ஜிஎல்டி-1 தான் காரணம்" என்று எழுதினால் அது நிற்காது. மெக்கானிசம் என்ன வேகத்தில் நடக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் டோஸ் நேரம் இருக்க வேண்டும். முன்கூட்டியே கொடுத்துப் பார்க்கும் சோதனை என்றால் அப்படியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், அதற்கும் பயன் உண்டு, ஆனால் பக்கவாத சிகிச்சை என்று அதை அழைக்க முடியாது.

இதையெல்லாம் யோசித்து முடித்ததும் ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். "அடைப்பு தொடங்கி 4 மணி நேரம் கழித்துச் சிரை வழியாகக் கொடுத்த மினோசைக்ளின், 72 மணி நேரத்தில் இறந்த திசுவின் கன அளவைக் குறைக்கிறதா?" முதன்மை அளவீடு இது ஒன்றுதான், மற்றதெல்லாம் துணை.

இரண்டாவது: எத்தனை எலி வேண்டும்

நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் போகும் முன் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். இரண்டு குழுக்களை ஒப்பிட, 5 சதவீத முக்கியத்துவ அளவும் 80 சதவீதத் திறனும் (உண்மையான வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) வைத்தால், ஒரு குழுவுக்குத் தேவையான எண்ணிக்கை ஏறக்குறைய 16 பெருக்கல் (திட்ட விலக்கம், அதாவது எலிக்கு எலி முடிவு சிதறும் அளவு, வகுத்தல் எதிர்பார்க்கும் வித்தியாசம்) என்பதன் வர்க்கம். உங்கள் லேபில் இறந்த பகுதியின் திட்ட விலக்கம் சராசரியில் 30 சதவீதம், நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் குறைவும் 30 சதவீதம் என்றால் குழுவுக்கு 16 எலி. 20 சதவீதக் குறைவையும் தவறவிடக் கூடாது என்றால் 36. அறுவையில் இறப்பு, நீக்கம் எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒன்று கழியும் என்று வைத்தால் 16 என்பது 20 ஆகிவிடும்.

குழுவுக்கு ஆறு, ஏழு எலி வைத்து நடத்துவது எலியைச் சேமிக்கும் வழி என்று பலர் நம்புகிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பதில் சொல்ல முடியாத சோதனையில் செத்த ஆறு எலியும் வீணாகச் செத்தவைதான், அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். சேமிக்க வேண்டும் என்றால் அறுவையில் கை பழகி, திட்ட விலக்கத்தைக் குறையுங்கள். மேலே உள்ள கணக்கில் அது வர்க்கமாகப் போகிறது, கொஞ்சம் குறைத்தாலே எண்ணிக்கை சரசரவென்று இறங்கும்.

எலி வகையை எடுத்துக்கொண்டால், விஸ்டார், ஸ்ப்ரேக்-டாலி இரண்டும் வழக்கத்தில் உள்ளவை, 250 முதல் 300 கிராம் எடை கைக்கு வசதி. ஒரே வகையானாலும் வேறு வேறு வளர்ப்பகத்திலிருந்து வந்தால் தமனி அமைப்பும் பாதிப்பின் அளவும் மாறும், அதனால் நடுவில் இடம் மாற்றாதீர்கள். ஆண், பெண் இரண்டும் வேண்டும். 2009-இல் சுண்டெலிகளில் செய்த ஆய்வில் மினோசைக்ளின் ஆண்களைக் காத்தது, பெண்களைக் காக்கவில்லை. ஆண் எலியோடு நிறுத்தியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

மூன்றாவது: குழுக்களும் கூண்டும்

குறைந்தபட்சம் ஷாம் அறுவை (அடைப்பு இல்லாமல் மற்றதெல்லாம் செய்வது), அடைப்பு + மருந்தில்லாத கரைசல், அடைப்பு + மருந்து என்று மூன்று குழுக்கள். ஆண்டிபயாடிக் என்பதால் நான்காவதாக ஒன்றை வலியுறுத்துவேன்: கிருமியைக் கொல்லும் ஆனால் நீங்கள் சொல்லும் மூளை மெக்கானிசம் இல்லாத வேறொரு ஆண்டிபயாடிக். அல்லது இதையே தலைகீழாகச் செய்யலாம். டெட்ராசைக்ளினின் வேதி அமைப்பை மாற்றி, கிருமிக்கொல்லித் தன்மையை எடுத்துவிட்ட சிஎம்டி-3 போன்ற சேர்மங்கள் இருக்கின்றன. அவையும் மூளையைக் காத்தால் உங்கள் வாதம் வலுவாக நிற்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கவாதம் வந்த சில நாட்களில் நோய் எதிர்ப்புச் சக்தி சரிந்து, சுண்டெலிகளுக்குத் தானாகவே நுரையீரல் தொற்றும் ரத்தத் தொற்றும் வருவது 2003-இல் காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே, மாக்ஸிஃப்ளாக்சசினை முன்கூட்டியே கொடுத்தால் அந்தத் தொற்றும் காய்ச்சலும் தடுக்கப்பட்டு, நரம்பியல் நிலையும் மேம்படுவது தெரிந்தது. மருந்து கிருமியைக் கொன்றது, எலி தேறியது, அவ்வளவுதான். குடல் பக்கமும் இதே கதை. 2016-இல் ஒரு குழு, ஆண்டிபயாடிக்கால் குடல் நுண்ணுயிர்கள் மாறிய சுண்டெலிகளில் மூளைப் பாதிப்பு குறைந்ததாகக் காட்டியது, அதே ஆண்டில் இன்னொரு குழு, பரந்த வீச்சுள்ள ஆண்டிபயாடிக்குகளால் குடல் நுண்ணுயிர்களைத் துடைத்தெடுத்தால் நிலைமை மோசமாவதாகக் காட்டியது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு விஷயத்தை அளக்காமல் விடக் கூடாது. எனவே மலத்தை அறுவைக்கு முன்னும் கடைசி நாளும் சேகரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள், கடைசி நாளில் நுரையீரல் திசுவையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

கூண்டு விஷயம் கொஞ்சம் தலைவலி பிடித்தது. எலிகள் மலத்தைத் தின்னும். மருந்து வாங்கிய எலியும் வாங்காத எலியும் ஒரே கூண்டில் இருந்தால் நுண்ணுயிர்களும், மலத்தில் வெளியேறும் மருந்தில் கொஞ்சமும் பரிமாறிக்கொள்ளும், வித்தியாசம் மங்கும். குழுவாரியாகக் கூண்டைப் பிரித்தால், மருந்தின் விளைவையும் கூண்டின் விளைவையும் பிரித்தறிய முடியாமல் போகும். நான் பரிந்துரைப்பது: ஒவ்வொரு குழுவுக்கும் பல கூண்டுகள், எந்தக் கூண்டு எந்தக் குழு என்பதைக் கணினி தேர்ந்தெடுத்த சீரற்ற வரிசைப்படி தீர்மானிப்பது, பகுப்பாய்வில் கூண்டையும் ஒரு காரணியாகச் சேர்ப்பது. இப்படிச் செய்தால் கூடுதல் எலி தேவைப்படும், அதை எண்ணிக்கைக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

நான்காவது: டோஸ், கரைசல், அந்த மஞ்சள் நிறம்

ஆரம்பகால ஆய்வுகளில் மினோசைக்ளினை வயிற்றறைக்குள் ஊசியாக, கிலோவுக்கு 45 மி.கி. என்று முதல் நாள் இருமுறை, பிறகு 22.5 மி.கி. என்று கொடுத்தார்கள். இது பெரிய டோஸ். வயிற்றறையிலிருந்து மருந்து சீராக ரத்தத்தில் ஏறுவதில்லை, உள்ளே அரிப்பையும் உண்டாக்குகிறது. 2004-இல் வந்த ஆய்வுகள் சிரை வழி கிலோவுக்கு 3 மி.கி. கொடுத்தாலே மனிதர்கள் வழக்கமாக எடுக்கும் 200 மி.கி. டோஸுக்கு நிகரான ரத்த அளவு எலியில் கிடைப்பதையும், 3, 10 மி.கி. டோஸ்களே பாதிப்பைக் குறைப்பதையும் காட்டின. அதனால் சிரை வழியைத் தேர்ந்தெடுங்கள், 3, 10 என்று இரண்டு டோஸாவது வையுங்கள், சில எலிகளிலாவது ரத்தத்திலும் மூளையிலும் மருந்தின் அளவை அளந்துவிடுங்கள்.

மினோசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு கரைசல் அமிலத்தன்மை உள்ளது. ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீரைப் போட்டுவிட்டால் ஒரு குழுவுக்கு அமிலம், இன்னொன்றுக்கு இல்லை என்றாகிவிடும், ஆகவே அதே பிஎச் அளவுக்குச் சரிசெய்த கரைசல்தான் போக வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள், வடிகட்டிக் கிருமிநீக்கம் செய்யுங்கள், வெளிச்சம் படாமல் வையுங்கள். செஃப்ட்ரியாக்சோன் என்றால் கால்சியம் உள்ள ரிங்கர் லாக்டேட் பக்கமே கொண்டுபோகாதீர்கள், படிவு விழும்.

அப்புறம், அந்த நிறம். மினோசைக்ளின் கரைசல் பளிச்சென்ற மஞ்சள். பாட்டிலில் "அ", "ஆ" என்று எவ்வளவு ரகசியமாகக் குறியிட்டாலும், சிரிஞ்சில் இழுத்த அடுத்த நொடி எது மருந்து என்று தெரிந்துவிடும், குருடாக்கல் (எந்த எலி எந்தக் குழு என்று வேலை செய்பவருக்குத் தெரியாமல் வைப்பது) அத்தோடு போச்சு. மருந்தைக் கலந்து சிரிஞ்சில் ஏற்றும் வேலையை ஒருவர் செய்யட்டும், சிரிஞ்சையும் குழாயையும் அலுமினியத் தாளால் முழுக்கச் சுற்றிவிடட்டும், அறுவை செய்பவரும் எலியின் நடத்தைக்கு மதிப்பெண் போடுபவரும் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். மூன்று பேர் கிடைக்காத லேபில் குறைந்தது இரண்டு பேராவது வேண்டும். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்துவிட்டு "குருடாக்கி நடத்தினோம்" என்று எழுதுவது சரியில்லை.

ஐந்தாவது: அறுவை

இது படித்துக் கற்கும் வேலை கிடையாது, பழகியவர் பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். ஆனாலும் வரிசை தெரிந்திருக்கட்டும். ஐசோஃப்ளுரேன் மயக்கம், தொடக்கத்தில் 4 முதல் 5 சதவீதம், பிறகு 1.5 முதல் 2. ஐசோஃப்ளுரேனே மூளையைக் கொஞ்சம் காக்கும், அதனால் எல்லா எலிக்கும் மயக்க நேரம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கீட்டமினைத் தவிருங்கள், அது குளூட்டமேட் ஏற்பியையே அடைக்கும் மருந்து.

கழுத்தின் நடுவில் வெட்டி, பொதுக் கழுத்துத் தமனியையும் அது வெளி, உள் என்று இரண்டாகப் பிரியும் இடத்தையும் வெளிக்கொணர வேண்டும். ஒட்டியே ஓடும் வேகஸ் நரம்பைக் கிள்ளாமல் பிரித்தெடுங்கள். 1989-இல் லாங்கா குழு விவரித்தபடி, வெளிக் கழுத்துத் தமனியைக் கட்டி வெட்டி, அந்த முனை வழியாக இழையைச் செலுத்தி உள் தமனிக்குள் திருப்ப வேண்டும். பிரிவிலிருந்து 18 முதல் 20 மி.மீ. போனதும் லேசான தடை தெரியும். 10 மி.மீ. அளவிலேயே தடுத்தால் இழை டெரிகோபாலடைன் கிளைக்குள் போயிருக்கிறது என்று பொருள், பின்னால் இழுத்துத் திசையைத் திருத்துங்கள், அழுத்தித் தள்ளாதீர்கள். நுனியில் சிலிகான் பூசிய இழை தமனியைக் கிழிக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

இழை உள்ளே போய்விட்டது என்பதற்குக் கை உணர்வை நம்ப வேண்டாம். மண்டையோட்டின் எலும்புகள் கூடும் பிரெக்மா புள்ளியிலிருந்து சுமார் 2 மி.மீ. பின்னால், 5 மி.மீ. பக்கவாட்டில் எலும்பை மெலிதாக்கி ரத்த ஓட்டத்தை அளக்கும் லேசர் டாப்ளர் முனையை ஒட்டிவிடுங்கள். ரத்த ஓட்டம் அடிப்படை அளவிலிருந்து 70 சதவீதமாவது விழ வேண்டும். விழாத எலி சோதனையில் இல்லை. அந்த விதியை அறுவைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், முடிவைப் பார்த்த பிறகு எழுதக் கூடாது. 90 நிமிடம் கழித்து இழையை உருவி, ரத்தம் திரும்பி வருவதையும் பதிவு செய்யுங்கள்.

வெப்பநிலைக்குத் தனியாக ஒரு பகுதி

எம்கே-801 என்ற மருந்து ஜெர்பில்களின் மூளையைக் காப்பதாகப் பேசப்பட்டது. 1990-இல் பார்த்தால், மருந்து அவற்றின் உடலை நீண்ட நேரம் குளிர வைத்திருந்தது, அந்தக் குளிர்ச்சிதான் மூளையைக் காத்திருந்தது. உடல் சூட்டைச் சரியாகப் பிடித்து வைத்ததும் பாதுகாப்பு காணாமல் போனது. ஓரிரு டிகிரி வித்தியாசம் போதும், ஒரு முழு ஆய்வின் முடிவையே திருப்பிவிடும்.

அறுவையின்போது மலக்குடல் வெப்பமானியும் சூடேற்றும் பாயும் வைத்து 37 டிகிரிக்கு அரை டிகிரி மேலே கீழே போகாமல் பார்த்துக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். எலி விழித்த பிறகு யாரும் அளப்பதில்லை, அங்கேதான் கோட்டை விடுகிறோம். இழை முறையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸும் அடிபடும், அடைப்பு நீண்டால் காய்ச்சல் ஏறும். ஆண்டிபயாடிக் தொற்றைத் தடுத்தால் அந்த வழியிலும் காய்ச்சல் குறையும். ஆகவே முதல் 6 மணி நேரம் மணிக்கொரு முறை, பிறகு 72 மணி நேரம் வரை நாளுக்கு இரண்டு முறையாவது அளந்து குறியுங்கள், வசதி இருந்தால் வயிற்றுக்குள் பொருத்தும் வெப்ப உணரி இன்னும் நல்லது, எலியைத் தொந்தரவு செய்யாமலே தெரிந்துவிடும்.

பராமரிப்பு

வெளிக் கழுத்துத் தமனியைக் கட்டும்போது மெல்லும் தசைகளுக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. எலியால் கெட்டித் தீவனத்தைக் கடிக்க முடியாது, எடை இறங்கும், சோர்ந்து கிடக்கும், அதை நரம்பியல் குறைபாடு என்று நாம் மதிப்பெண் போட்டுவிடுவோம். தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கூண்டின் தரையிலேயே தட்டில் வையுங்கள், தோலடியில் உப்புநீர் கொடுங்கள், தினமும் எடை பாருங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் விழுந்தால், அல்லது முன்பே எழுதிவைத்த வேறு எல்லையைத் தொட்டால், எலியை வேதனையில் விடாமல் முடித்துவிட வேண்டும். வலி நிவாரணி கட்டாயம். அழற்சியை அடக்கும் வலி மருந்துகள் இந்த ஆய்வில் குட்டையைக் குழப்பும், அதனால் வெட்டிய இடத்தில் மரப்பு மருந்தும், தேவைப்பட்டால் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் புப்ரெனார்ஃபினும் என்று கால்நடை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பக்கவாத மாதிரிகளுக்கென்றே 2017-இல் வந்த இம்ப்ரூவ் வழிகாட்டு நெறிகளை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுவது நல்லது.

நடத்தைச் சோதனை, பிறகு மூளை

லாங்காவின் 0 முதல் 4 வரையான மதிப்பெண் எளிது, எலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் எதிர்ப்பக்க முன்னங்கால் மடங்குகிறதா, நடக்கும்போது சுற்றுகிறதா, சாய்ந்து விழுகிறதா என்று பார்ப்பது. ஆனால் அது மொத்தமான அளவுகோல், நடுத்தர முன்னேற்றம் அதில் தெரியாது. பாதத்தில் சிறு ஒட்டுத்துண்டை ஒட்டி, எலி அதை உணர்ந்து பிய்த்தெடுக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கும் சோதனை எனக்குப் பிடித்தமானது, உணர்வையும் இயக்கத்தையும் சேர்த்துக் காட்டும். அறுவைக்கு முன்பே சில நாள் பழக்கி அடிப்படை அளவு எடுத்தால்தான் அதற்கு மதிப்பு. வீடியோ எடுத்துக் குழு தெரியாதவரிடம் கொடுங்கள்.

மூளையை எடுத்ததும் கொஞ்ச நேரம் உறைகுளிரில் வைத்தால் வெட்ட வாகாக இறுகும். 2 மி.மீ. துண்டுகள், 2 சதவீத டிடிசி சாயக் கரைசல், 37 டிகிரி, சுமார் 20 நிமிடம், நடுவில் ஒருமுறை புரட்டிப் போடுங்கள். உயிருள்ள திசு சிவக்கும், இறந்தது வெளிறி நிற்கும். 3 நாளுக்கு மேல் போனால் டிடிசியை நம்பாதீர்கள், உள்ளே புகுந்த அழற்சிச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவும் சிவந்து ஏமாற்றும், அப்போது கிரெசில் வயலட் சாயம் அல்லது எம்ஆர்ஐ.

அளக்கும்போது வீக்கத்தைக் கழிக்க வேண்டும். அடிபடாத அரைக்கோளம் 500 கன மி.மீ., அடிபட்டது வீங்கி 560, அதில் வெளிறிய பகுதி 210, சிவந்தது 350 என்று வைத்துக்கொள்வோம். நேராக 210 என்று எழுதினால் வீக்கமும் அதில் ஏறிவிடுகிறது. 500-இலிருந்து சிவந்த 350-ஐக் கழித்தால் 150, அதாவது 30 சதவீதம், உண்மையான இழப்பு அதுதான். மினோசைக்ளின் ரத்தக்குழாய்க் கசிவைக் குறைக்கும் மருந்து என்பதால் இங்கே இது மிக முக்கியம்: வீக்கத்தை மட்டும் குறைத்துவிட்டு, நரம்புச் செல்லைக் காத்தது போலத் தோற்றம் தரலாம். இரண்டு எண்களையும் வெளியிடுங்கள். மெக்கானிசத்துக்குத் தனி எலிகளில் ஐபிஏ-1 சாயமேற்றி மைக்ரோக்லியாவையும், நொதியின் செயல்பாட்டை அளக்கும் ஜைமோகிராஃபி மூலம் எம்எம்பி-9-ஐயும் பாருங்கள்.

கணக்குப் போடும்போது

குழு ரகசியத்தைத் திறக்கும் முன் யாரை நீக்குவது என்ற பட்டியல் முடிந்திருக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் இறந்த எலிகளை என்ன செய்வது? ஒப்பீட்டுக் குழுவில் மிகப் பெரிய பாதிப்பு உள்ளவை இறந்து, மிச்சமுள்ளவற்றை மட்டும் அளந்தால், மருந்து வீண் என்று தோன்றும். மருந்துக் குழுவில் அவை இறந்தால் மருந்து அற்புதம் என்று தோன்றும். இறந்த எலிக்குக் கடைசித் தரவரிசை கொடுத்து, தரவரிசை அடிப்படையிலான ஒப்பீட்டையும் சேர்த்துப் போடுங்கள், இறப்பு எண்ணிக்கையைக் குழுவாரியாகத் தனியே காட்டுங்கள். லாங்கா மதிப்பெண்ணுக்குச் சராசரி போடாதீர்கள், அது வரிசை அளவு, எண்களுக்கு இடையிலான இடைவெளி சமம் என்று சொல்ல முடியாது.

பலன் தெரிந்தால் உடனே கொண்டாட வேண்டாம். மினோசைக்ளின் எலி, சுண்டெலி மாதிரிகளில் நம்பிக்கை கொடுத்த இன்னொரு நோய், இயக்க நரம்புகளை அழிக்கும் ஏஎல்எஸ். 412 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2007-இல் வெளிவந்தபோது, மருந்து வாங்கியவர்கள் சுமார் 25 சதவீதம் வேகமாக மோசமானது தெரிந்தது. செஃப்ட்ரியாக்சோனைப் பக்கவாத நோயாளிகளுக்குத் தொற்று வராமல் தடுக்கக் கொடுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு நெதர்லாந்துச் சோதனையில் சுமார் 2,500 பேர் இருந்தும் செயல்திறன் மீட்சியில் பலன் இல்லை. எனவே அடுத்த சுற்றில் வயதான எலிகள், ரத்த அழுத்தம் உள்ள எலிகள், கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது (எலிக்கு வழக்கமாகக் கிலோவுக்கு 10 மி.கி., மனித டோஸைவிடப் பத்து மடங்குக்கும் மேல்), வேறொரு லேபில் வேறொரு கையால் அதே அறுவை என்று போக வேண்டும். அமெரிக்காவின் ஸ்பான் கூட்டமைப்பு ஆறு சிகிச்சைகளை இப்படிப் பல ஆய்வகங்களில் ஒரே நேரத்தில், குருடாக்கிச் சோதித்தபோது கடைசி வரை தாக்குப்பிடித்தது யூரிக் அமிலம் ஒன்றுதான்.

பலன் இல்லை என்று வந்தாலும் எழுதி வெளியிடுங்கள், விலங்கு ஆய்வுகளை அறிக்கையாக்குவதற்கான அரைவ் 2.0 பட்டியலில் கேட்கும் ஒவ்வொரு விவரத்தோடும். ஒவ்வொரு எலியின் எடை, வெப்பநிலை, டாப்ளர் வீழ்ச்சி, நீக்கியதற்கான காரணம் எல்லாம் உள்ள மூலத் தரவையும் கூடவே பொதுவில் வையுங்கள், அடுத்த குழு எண்ணிக்கைக் கணக்குப் போட உங்கள் திட்ட விலக்கம் அவர்களுக்குத் தேவைப்படும்.